பெங்களூரில் ஒரு நாள் உழவர் உணவுத் திருவிழா நடத்துவது எப்படி

அல்சூரிலோ காக்ஸ் டவுனிலோ ஒரு பள்ளி மைதானம், 30 கடைகள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை 8 முதல் மாலை 4 வரை. தமிழ்ச் சங்கங்களும் குடியிருப்போர் சங்கங்களும் சமாளிக்கக்கூடிய அளவு இதுதான். விழா நன்றாக நடந்ததா என்று பார்க்க எங்களிடம் ஒரே அளவுகோல்தான் உண்டு: தேன்கனிக்கோட்டையிலிருந்து கீரையோடு வந்தவர் மாலையில் கூடை காலியாகி, கையில் பணத்தோடு வண்டி ஏற வேண்டும். மேடை, பேனர், பாட்டு எல்லாம் அதற்குப் பிறகு.

நாள் குறிப்பது

இந்த ஊரின் பழைய திருவிழாக்கள் அறுவடையோடு வந்தவை. பசவனகுடி கடலைக்காய் பரிஷெ, அதாவது நிலக்கடலைச் சந்தை, கன்னட நாட்காட்டியின் கார்த்திகை மாதக் கடைசித் திங்கள்கிழமை, நிலக்கடலை வீடு வந்த கையோடு நடக்கிறது. அவரைக்காய் மேளா (கன்னடத்தில் அவரைக்காய் என்பது நம் மொச்சை) ஜனவரியை ஒட்டி நடப்பதும் அதனால்தான். நீங்களும் ஜனவரி பிற்பாதியைப் பிடியுங்கள். ராகி அறுவடை முடிந்திருக்கும், மொச்சை மலிந்திருக்கும், மழைப் பயம் குறைவு. பொங்கல் வாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள், அப்போது உழவர்கள் ஊரை விட்டு வரமாட்டார்கள். மே மாதத்துச் சாயங்கால மழையும் செப்டம்பர், அக்டோபர் அடைமழையும் பந்தலைச் சாய்த்துவிடும்.

யாரை அழைப்பது

வேலையில் பாதி இங்கேதான். இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை, கோலார், கனகபுரா, தொட்டபள்ளாபுரம் என்று இரண்டு மணி நேரத் தொலைவுக்குள் இருப்பவர்களுக்கே முன்னுரிமை கொடுங்கள். ஜவ்வாது மலைச் சாமை, டெல்டா மாவட்டத்துக் கருப்புக் கவுனி, மாப்பிள்ளைச் சம்பா போன்ற கெடாத சரக்குக்கு மட்டும் தொலைவைப் பார்க்க வேண்டாம்.

தொலைபேசியில் பேசி முடிக்காமல் தோட்டத்துக்கே போய்வாருங்கள். இயற்கை விவசாயம் என்று சொல்பவரிடம் பிஜிஎஸ் (உழவர் குழுவே ஒருவரையொருவர் சரிபார்த்துத் தருவது) அல்லது என்பிஓபி (அங்கீகாரம் பெற்ற நிறுவனம் தருவது) சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் அதற்காக ஒதுக்க வேண்டாம், பலகையில் உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்: என்ன உரம் போட்டார், பூச்சிக்கு என்ன அடித்தார். ஆனால் இயற்கை விளைபொருளுக்கான ஜைவிக் பாரத் முத்திரையைச் சான்றிதழ் இல்லாமல் யாரும் ஒட்டக் கூடாது. கோயம்பேடு, கலாசிபாளையம் போன்ற மொத்தச் சந்தையில் வாங்கி வந்து தன் தோட்டத்துக் காய் என்று விற்கும் ஒரே ஒரு கடை போதும், மற்ற 29 பேரின் பெயரும் கெட்டுவிடும். இந்த இடத்தில் தயவு காட்டாதீர்கள்.

ஒவ்வொருவரும் என்ன கொண்டுவருவார், எத்தனை கிலோ என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். கேட்காமல் விட்டால் ஐந்து பேர் தக்காளியோடு வந்து நிற்பார்கள், பத்து மணிக்கே விலை பாதியாகிவிடும். 500 பேர் வருவார்கள் என்றால் 100 பேர்தான் காய் வாங்குவார்கள் என்று வைத்து அளவு சொல்லுங்கள். காய் வாங்க வந்தவர் வெறுங்கூடையோடு திரும்புவதால் ஒன்றும் கெட்டுப்போகாது. சரக்கைத் திருப்பிச் சுமந்து போனவர் அடுத்த ஆண்டு வரமாட்டார்.

உழவரிடம் கடை வாடகை வாங்காதீர்கள். அதைச் சமைத்த உணவுக் கடைகளிடமும் நகரத்துப் பொட்டலக் கடைகளிடமும் வாங்கிக்கொள்ளலாம். ஓசூர்ப் பக்கம் நான்கைந்து பேருக்கு ஒரு குட்டி யானை எனும் சிறு சரக்கு வண்டியைச் சேர்த்துப் பிடித்து, விழாக் கணக்கிலேயே வாடகை கொடுங்கள். ஓசூர் சாலையில் அத்திப்பள்ளியை விடியுமுன் தாண்டிவிட்டால் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

அனுமதியும் விதிகளும்

தன் நிலத்து விளைச்சலை அப்படியே விற்கும் உழவருக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. மாவு, ஊறுகாய், எண்ணெய், சமைத்த உணவு விற்பவருக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவோ உரிமமோ வேண்டும், 14 இலக்க எண்ணைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும். நகலை முன்னதாகவே வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

பலரும் தடுக்கி விழுவது எண்ணெயில். ‘பாட்டில் கொண்டுவந்து நிரப்பிக்கொள்ளுங்கள்’ என்று செக்கெண்ணெய்க்கு விளம்பரம் செய்துவிடுவார்கள். சமையல் எண்ணெயைச் சில்லறையாக அளந்து ஊற்றி விற்க விதி இடம் தராது. கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து, லேபிள் ஒட்டி விற்கச் சொல்லி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தருபவருக்கு 20 ரூபாய் கொடுங்கள். தராசு எல்லாம் முத்திரை போட்டதாக இருக்கட்டும். மின்தராசுக்கு ஆண்டுக்கொரு முறை முத்திரை புதுப்பிக்க வேண்டும்.

விலைப் பலகையில் கன்னடம் முதலில், அடுத்து தமிழ். சிறுதானியத்தில் கவனம் தேவை: தமிழில் வரகு என்பது கன்னடத்தில் ஹாரக. அங்கே பரகு என்றால் நம் பனிவரகு. இரண்டையும் குழப்பி எழுதினால் வாங்கியவர் வீட்டில் வேறு தானியம்தான் வேகும்.

மைதானத்தில்

10க்கு 10 அடிப் பந்தல் ஒரு கடைக்குப் போதும். கீரைக் கடைகள் வடக்குப் பார்த்து இருக்கட்டும். மேசை வேண்டாம், தரையில் நனைத்த கோணிச் சாக்கு விரித்து அதன்மேல் கட்டுகளை அடுக்கி, மேலே ஈரத் துணி போடுங்கள். தண்ணீரை அள்ளி ஊற்றினால் தண்டு அழுகும், தெளித்தால் போதும். இப்படி வைத்த அரைக்கீரை மதியம் வரை நிமிர்ந்து நிற்கும். வெயிலில் மேசைமேல் வைத்தது பத்தரைக்கே தலை தொங்கிவிடும்.

ஜனவரியில் இங்கே காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வரும் என்பதால் அடுப்புகளை மைதானத்தின் மேற்கு ஓரத்தில் போடுங்கள். கடைக்கு ஒரு சிலிண்டர்தான். உபரியைக் கூட்டம் நடமாடாத இடத்தில் வைத்து, தீயணைப்பானும் மணல் வாளியும் பக்கத்தில் இருக்கட்டும்.

ருசி காட்டினால்தான் விற்கும்

சாமையைப் பொட்டலமாக அடுக்கி வைத்தால் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பக்கத்திலேயே வெந்த சாமை இரண்டு கரண்டி, வாழையிலைத் துண்டில், மேலே கொஞ்சம் ரசம். சாப்பிட்டவர் அரைக் கிலோவாவது வாங்குவார். சாமைப் பொங்கலுக்குக் கணக்கு: 1 கிலோ சாமை, 300 கிராம் பாசிப்பருப்பு, ஐந்தரை லிட்டர் தண்ணீர், சுமார் 30 சிறு தட்டு. ஒரே அண்டாவில் பத்துக் கிலோ பொங்க வேண்டாம். ஆற ஆறத் தண்ணீரை இழுத்து இரண்டு மணி நேரத்தில் கட்டியாகிவிடும். மணிக்கொரு முறை 2 கிலோ போடுங்கள், பரிமாறும்வரை 60 டிகிரிக்கு மேல் சூடாகவே இருக்கட்டும்.

கூழுக்கு வெள்ளி இரவே வேலை தொடங்குகிறது. 1 கிலோ ராகி மாவை 3 லிட்டர் தண்ணீரில் கரைத்து மூடி வையுங்கள். சென்னையில் ஓர் இரவில் வரும் புளிப்பு பெங்களூர்க் குளிரில் வராது, சனி மாலை வரை விட வேண்டும். மாலையில் கால் கிலோ அரிசி நொய்யை 4 லிட்டரில் குழைய வேகவைத்து, கரைசலை ஊற்றித் துடுப்பால் விடாமல் கிளறுங்கள். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் இறக்குங்கள். ஞாயிறு காலை உப்பு, சின்ன வெங்காயம், 3 லிட்டர் மோர் சேர்த்துக் கரைத்தால் 200 மில்லி தம்ளரில் சுமார் 50 பேருக்கு வரும். மொத்தத்தையும் காலையிலேயே கரைத்துவிடாதீர்கள். மோர் சேர்ந்த கூழ் நண்பகலுக்குள் அதிகம் புளித்துத் திரிந்துபோகும். கம்பு மாவு விற்பவரிடம் அந்த வாரத்தில் அரைத்ததுதானா என்று கேளுங்கள், கம்பின் எண்ணெய்ப் பசையால் மாவு சீக்கிரம் கசக்கும்.

விதைக் கடை

சிறியதாக ஒன்று கட்டாயம் வேண்டும். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடி மீட்ட நெல் ஜெயராமன் வளர்த்த நெல் திருவிழாவில், 2 கிலோ விதை நெல் வாங்கிப்போன உழவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தருவார். மாடித் தோட்டக்காரர்களுக்கும் அந்த முறையே போதும்: 10 விதை வாங்கியவர் 20 விதை திருப்பித் தரட்டும். உறையில் ரகம், ஊர், அறுத்த மாதம் எழுதுங்கள். ஒரு வாரம் முன்பே 20 விதையை ஈரத் துணியில் சுற்றி வைத்து, 14க்குக் குறைவாக முளைத்தால் அந்த விதையை வைக்காதீர்கள்.

பாத்திரம், குப்பை, பணம்

காகிதக் கப்பின் உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சுதான். வாடகைப் பாத்திரக் கடையில் 300 எவர்சில்வர் தம்ளர் எடுங்கள். கழுவ மூன்று தொட்டி: சோப்பு, நல்ல தண்ணீர், வெந்நீர். இதற்கென்றே நான்கு பேர் மாற்றி மாற்றி நிற்க வேண்டும். ஆள் போடாமல் விட்டால் மதியத்துக்குள் யாராவது கடைக்கு ஓடிப்போய்க் காகிதக் கப் வாங்கி வந்துவிடுவார்கள். ஈரக் குப்பைத் தொட்டி ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் ஆள் நின்றால்தான் இலையும் பொட்டல உறையும் தனித்தனியே விழும். தொட்டியில் எழுதி ஒட்டுவது மட்டும் பயன்படாது.

பொதுக் கூப்பன் வேண்டாம், ஒவ்வொரு கடைக்கும் அவரவர் க்யூஆர் அட்டை. காலையிலேயே கடைக்கு 500 ரூபாய்க்குச் சில்லறை கொடுத்து, மாலையில் திரும்ப வாங்குங்கள்.

மூன்று மணிக்கு ஒவ்வொரு கடையாகப் போய் மிச்சத்தைப் பாருங்கள். அருகிலுள்ள ஒரு விடுதியிடமோ மெஸ்ஸிடமோ முன்பே பேசி வைத்திருந்தால், மிஞ்சிய காயைக் காலை விலையில் முக்கால் பங்குக்கு எடுத்துக்கொள்வார்கள். மீதிக் கால் பங்கை விழா நிதியிலிருந்து அன்றே, வண்டி கிளம்புவதற்கு முன்பே உழவர் கையில் கொடுத்துவிடுங்கள்.