பழைய விண்டோஸ் 10 லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட்: பிரைவசிக்காக மாறுவோருக்குப் படிப்படியாக

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 14 அக்டோபர் 2025-உடன் நின்றுவிட்டன. இன்னும் ஓராண்டுக்கு அவை வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தாக வேண்டும். ஹோம் பதிப்பில், கணினியின் பயன்பாடு பற்றிய தகவலை ('டயக்னாஸ்டிக் டேட்டா') மைக்ரோசாஃப்டுக்கு அனுப்புவதைக் குறைக்கலாமே தவிர, அடியோடு நிறுத்த செட்டிங்ஸில் வழி இல்லை. லினக்ஸ் மின்ட் என்பது விண்டோஸுக்குப் பதிலாக நிறுவக்கூடிய ஓர் ஆப்பரேட்டிங் சிஸ்டம். அது இப்படி எதையும் திரட்டி அனுப்புவதில்லை. பணமும் கேட்பதில்லை, கணக்கு தொடங்கவும் சொல்வதில்லை. 4 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் நன்றாகவே ஓடும்.

ஆனால் வரிசை முக்கியம். சனிக்கிழமை ஃபார்மட் அடித்துவிட்டு, திங்கட்கிழமை ஆபீஸ் வேலை ஓடாமல் விண்டோஸுக்கே திரும்புகிறவர்கள் நிறையப் பேர். முதலில் விண்டோஸில் இருந்தபடியே புரோகிராம்களை மாற்றுங்கள். இரண்டு வாரம் பழகிய பிறகு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் கை வையுங்கள்.

முதல் இரண்டு வாரம்: பிரவுசரும் பாஸ்வேர்டும்

நம்மைப் பற்றிய தகவல் பெருமளவு வெளியே போவது பிரவுசர் வழியாகத்தான். ஃபயர்ஃபாக்ஸை நிறுவி, செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பக்கத்துக்குப் போய் டிராக்கிங் பாதுகாப்பை 'ஸ்ட்ரிக்ட்' என்று வையுங்கள். அதே பக்கத்தில், ஃபயர்ஃபாக்ஸே மொஸில்லாவுக்கு அனுப்பும் பயன்பாட்டுத் தரவுக்கான டிக்கையும் எடுத்துவிடுங்கள். பிறகு ஆட்-ஆன் பக்கத்தில், விளம்பரங்களையும் டிராக்கர்களையும் தடுக்கும் 'யூபிளாக் ஆரிஜின்' சேருங்கள். பெயரில் 'ஆரிஜின்' இருக்கிறதா, உருவாக்கியவர் ரேமண்ட் ஹில்லா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் 'யூபிளாக்' என்பது வேறு. குரோமில் இதன் முழுப் பதிப்பு இப்போது வேலை செய்வதில்லை, ஃபயர்ஃபாக்ஸில் செய்கிறது. பிரவுசரை மாற்றச் சொல்வதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

'ஸ்ட்ரிக்ட்' வைத்தபின் ஏதாவது ஒரு தளத்தில் பணம் கட்டும் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தால், முகவரிப் பட்டையின் இடப்பக்கம் உள்ள கேடய ஐகானை அழுத்தி அந்தத் தளத்துக்கு மட்டும் பாதுகாப்பை அணையுங்கள். மொத்தமாக அணைக்க வேண்டாம்.

குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகளை கீபாஸ்எக்ஸ்சி என்ற பாஸ்வேர்டு பெட்டகத்துக்கு மாற்றலாம். அது எல்லாவற்றையும் பூட்டிய ஒரே ஃபைலாக உங்கள் கணினியிலேயே வைக்கும். லினக்ஸிலும் அதே ஃபைல் திறக்கும். மாற்றுவதற்காக குரோமிலிருந்து எடுக்கும் சிஎஸ்வி ஃபைலில் எல்லாப் பாஸ்வேர்டும் வெட்டவெளிச்சமாக இருக்கும். வேலை முடிந்ததும் அதை ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழித்துவிடுங்கள்.

எம்எஸ் ஆபீஸுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ். சாதாரணக் கடிதமும் கணக்கும் சிக்கலின்றித் திறக்கும். மேக்ரோ (தானாக ஓடும் கட்டளைகள்) உள்ள எக்செல் ஷீட்டுகளை இப்போதே திறந்து பாருங்கள்.

எது ஓடாது

டேலி, போட்டோஷாப் இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பு இல்லை. ஜிஎஸ்டி, எம்சிஏ தளங்களில் டிஜிட்டல் கையெழுத்து போட யூஎஸ்பி டோக்கன் வைத்திருப்பவர்கள், அதற்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று முன்பே விசாரியுங்கள். ஹெச்பி பிரின்டர்கள் பெரும்பாலும் சொருகியதும் வேலை செய்யும். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளிலும் ஆபீஸ்களிலும் எங்கும் காணப்படும் கேனான் எல்பிபி 2900 லினக்ஸில் நிறையத் தொல்லை தரும். அந்தப் பிரின்டரை நம்பித் தொழில் நடக்கிறதென்றால் ஒரு கணினியை விண்டோஸிலேயே விட்டுவையுங்கள்.

பேக்கப்

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ், கீபாஸ் ஃபைல், வானவில் அல்லது பாமினி எழுத்துருக்கள். இவற்றை இரண்டு இடங்களில் நகலெடுங்கள். நகலெடுத்த டிரைவை வேறொரு கணினியில் சொருகி, நான்கு போட்டோவையாவது திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

ஐஎஸ்ஓ-வை இறக்குதல், சரிபார்த்தல்

மின்ட் தளத்தில் 22 வரிசையின் ஐஎஸ்ஓ-வை (மொத்த சிஸ்டமும் அடங்கிய ஒரே ஃபைல்) எடுங்கள். இந்த வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. 4 ஜிபிக்கு மேல் ரேம் இருந்தால் சினமன் பதிப்பு. தமிழக அரசு கொடுத்த பழைய விலையில்லா மடிக்கணினி போல ரேம் குறைந்த கணினி என்றால் எக்ஸ்எஃப்சிஇ. 2 ஜிபியிலும் அது ஓடும், ஆனால் பிரவுசரில் நாலைந்து டேபுக்கு மேல் தாங்காது. ஃபைல் ஏறக்குறைய 3 ஜிபி. 8 ஜிபி பென்டிரைவ் போதும்.

அடுத்த வேலையைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். 2016 பிப்ரவரி 20 அன்று மின்ட் தளத்தையே ஊடுருவி, டவுன்லோட் இணைப்பைத் திருட்டுவழி வைத்த ஐஎஸ்ஓ-வுக்குத் திருப்பிவிட்டார்கள். அன்று இறக்கி, சரிபார்க்காமல் நிறுவியவர்கள் பிறருக்குக் கதவைத் திறந்து கொடுத்துவிட்டார்கள். சரிபார்க்க இரண்டு நிமிடம்தான் ஆகும். விண்டோஸில் 7-ஜிப் நிறுவுங்கள். ஐஎஸ்ஓ மேல் ரைட் கிளிக் செய்து 'சிஆர்சி ஷா' என்பதற்குள் 'ஷா-256'-ஐ அழுத்துங்கள். 64 எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு வரி வரும். அதுதான் செக்சம்; ஃபைல் சிறிது மாறினாலும் இந்த வரி மாறிவிடும். மின்ட் வெளியிட்டுள்ள செக்சம் ஃபைலில் உங்கள் ஐஎஸ்ஓ பெயருக்கு நேராக உள்ள வரியோடு ஒப்பிடுங்கள். செக்சம் ஃபைலை, ஐஎஸ்ஓ இறக்கிய மிரரிலிருந்து (மின்ட் ஃபைல்களின் நகலை வைத்திருக்கும் சர்வர்) எடுக்காமல் வேறொரு மிரரிலிருந்து எடுங்கள். ஒரு சர்வரில் இரண்டையும் மாற்றியிருந்தால் ஒப்பிட்டுப் பயனில்லை. ஓர் எழுத்து வேறுபட்டாலும் அழித்துவிட்டு மீண்டும் இறக்குங்கள். பெரும்பாலும் இணைப்பு பாதியில் அறுந்திருக்கும்.

பென்டிரைவ் தயாரித்தல்

ஐஎஸ்ஓ-வைப் பென்டிரைவில் எழுதும் புரோகிராமான ரூஃபஸை இறக்கித் திறந்து, பென்டிரைவையும் ஐஎஸ்ஓ-வையும் தேர்ந்தெடுத்து ஸ்டார்ட் கொடுங்கள். பென்டிரைவில் உள்ளதெல்லாம் அழியும். கேட்கும்போது 'ஐஎஸ்ஓ மோட்'. அதில் பூட் ஆகவில்லை (பென்டிரைவிலிருந்து கணினி தொடங்கவில்லை) என்றால் 'டிடி மோட்'. டிடி மோடில் எழுதிய பென்டிரைவைச் சொருகினால் 'ஃபார்மட் செய்யவா' என்று விண்டோஸ் கேட்கும். கேன்சல் கொடுங்கள், டிரைவ் கெட்டுவிடவில்லை.

பூட் செய்து, நிறுவாமல் பார்த்தல்

ஆன் செய்த கையோடு பூட் மெனு கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோவில் எஃப்12; ஹெச்பியில் எஃப்9; ஏசரில் எஃப்12, ஆனால் பயாஸில் (விண்டோஸ் தொடங்குமுன் திறக்கும் அடிப்படை செட்டிங்ஸ்) அதை முதலில் இயக்க வேண்டியிருக்கும். டெஸ்க்டாப் வந்ததும் இன்ஸ்டால் ஐகானைத் தொடாதீர்கள். இப்போது மின்ட் பென்டிரைவிலிருந்து ஓடுகிறது. ஹார்ட் டிஸ்க் அப்படியே இருக்கிறது. வைஃபை, ஒலி, கேமரா, பிரின்டர், மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

அடிக்கடி மக்கர் செய்வது வைஃபை. பிராட்காம் சிப்பும் ரியல்டெக்கின் சில சிப்புகளும் தனி டிரைவர் கேட்கும். டிரைவரை இறக்கவோ இணையம் வேண்டும். ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் சொருகி 'யூஎஸ்பி டெதரிங்' போட்டால் உடனே இணையம் கிடைத்துவிடும். பிறகு மெனுவில் 'டிரைவர் மேனேஜர்' திறந்து பரிந்துரைக்கும் டிரைவரை நிறுவலாம்.

நிறுவுதல்

மொழி ஆங்கிலமாகவே இருக்கட்டும். பிழைச் செய்தியை இணையத்தில் தேடும்போது அது உதவும். 'மல்டிமீடியா கோடெக்ஸ்' டிக் செய்யுங்கள். 'எரேஸ் டிஸ்க்' என்பதில் விண்டோஸ் உட்பட எல்லாம் அழியும். அழிப்பதற்கு முன் 'அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸ்' பட்டனை அழுத்தி எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பிரித்தாளும் முறை), அதனோடு என்கிரிப்ஷன் (டிஸ்க்கைப் பாஸ்வேர்டால் பூட்டுவது) இரண்டையும் தேர்ந்தெடுங்கள். லேப்டாப் திருடு போனாலும் டிஸ்க்கைக் கழற்றிப் படிக்க முடியாது. இங்கே கொடுக்கும் பாஸ்வேர்டு மறந்தால் மீட்கவே வழியில்லை. காகிதத்தில் எழுதி வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.

விண்டோஸும் வேண்டும் என்பவர்கள் முதலில் விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கரை அணைத்து, 48 இலக்க ரெகவரி கீயையும் குறித்து வைத்துக்கொண்டு, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 50 ஜிபியாவது இடம் ஒதுக்கிவிட்டு வாருங்கள். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' அணைக்காவிட்டால் விண்டோஸ் பார்ட்டிஷனில் மின்ட்டால் எழுத முடியாது.

டிஸ்க்கே தெரியவில்லை என்றால், பயாஸில் ஸ்டோரேஜ் 'ஆர்எஸ்டி' அல்லது 'விஎம்டி'யில் இருக்கும். 'ஏஹெச்சிஐ'க்கு மாற்றுங்கள். விண்டோஸை வைத்துக்கொள்பவர்கள் கவனம்: மாற்றியதும் அது பூட் ஆகாமல் போகலாம். முழுதும் அழிப்பவர்களுக்குக் கவலையில்லை.

தமிழ்த் தட்டச்சு

சாஃப்ட்வேர் மேனேஜரில் 'ஐபஸ்-எம்17என்' தேடி நிறுவுங்கள். 'இன்புட் மெத்தட்' செட்டிங்ஸில் ஐபஸ் தேர்ந்தெடுத்து, லாக்அவுட் செய்து மீண்டும் உள்ளே வாருங்கள். 'தமிழ் வரவில்லை' என்பவர்களில் பெரும்பாலானோர் லாக்அவுட் செய்திருக்க மாட்டார்கள். ஐபஸ் பிரிஃபரன்சஸில் தமிழ், அதற்குள் தமிழ்99 சேர்த்து, விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் பாரைத் தட்டி மாறுங்கள். ஆங்கில ஹெச் இருக்கும் கீயைத் தட்டினால் 'க' வர வேண்டும். பழைய வானவில் ஆவணங்கள் குறியீடுகளாகத் தெரிந்தால், பேக்கப்பில் உள்ள அந்த எழுத்துருவை இரட்டைக் கிளிக் செய்து நிறுவுங்கள்.

முதல் நாளே செய்ய வேண்டியவை

அப்டேட் மேனேஜரில் எல்லாவற்றையும் புதுப்பியுங்கள். 'ஃபயர்வால்' திறந்து சுவிட்சைப் போடுங்கள். மின்ட்டில் அது அணைந்த நிலையில்தான் வரும். ஃபயர்ஃபாக்ஸில் முன்பு செய்த மாற்றங்களை இங்கேயும் செய்யுங்கள்.

ஒன்றை மனத்தில் வையுங்கள். கூகுள் கணக்கில் நுழைந்தபடியே நாள் முழுக்கத் தேடினால், எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டத்திலிருந்து தேடினாலும் கூகுளுக்கு அது தெரியும். தளங்களை ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியாகப் பிரித்து வைக்கும் 'மல்டி-அக்கவுன்ட் கன்டெய்னர்ஸ்' ஆட்-ஆன் போட்டு ஜிமெயிலைத் தனிக் கன்டெய்னரில் அடைத்துவையுங்கள். தேடலை டக்டக்கோ என்ற தேடுபொறிக்கு மாற்றுங்கள். நீங்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது இணைய இணைப்புத் தருபவருக்குப் பெரும்பாலும் தெரியும். மின்ட் அதை மறைக்காது.

கடைசியாக 'டைம்ஷிஃப்ட்' திறந்து ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள். அப்டேட் ஏதாவது சொதப்பினால் சிஸ்டத்தை இந்த நிலைக்குத் திருப்பலாம். உங்கள் போட்டோக்களையும் ஆவணங்களையும் அது சேமிக்காது. அவற்றுக்கு, முன்பு நகலெடுத்த அதே வெளி டிரைவை வாரம் ஒருமுறை சொருகுங்கள்.