அரங்கேற்ற மேடைக்கு விளக்கு அமைக்கும்போது

பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு ஒளியமைக்க அழைப்பவர்கள், எத்தனை வண்ணம் வரும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது புடவையின் நிறத்தை. பச்சைப் பட்டின் மேல் சிவப்பு ஒளி விழுந்தால் பட்டு கறுத்துப்போகும். அவ்வளவு விலை கொடுத்து வாங்கியது இருட்டில் கிடக்க வேண்டுமா?

முகத்தில் தொடங்குங்கள். அதற்கு ஃப்ரெனல் விளக்கு போதும். பிரெஞ்சு அறிஞர் ஃப்ரெனல் 1820களில் கலங்கரை விளக்கத்துக்காக உருவாக்கிய, வளையம் வளையமான வில்லைதான் இதிலும் இருக்கிறது. ஒளியின் ஓரம் மெல்லக் கரைவதால், இரண்டு விளக்குகள் சேருமிடத்தில் கோடு தெரியாது. மேடைக்கு முன்னால் இடமும் வலமுமாக, ஏறக்குறைய 45 டிகிரி உயரத்திலிருந்து விழட்டும். நேர் எதிரே வைத்தால் முகம் தட்டையாகும். தலைக்கு மேலே வைத்தால் கண்குழியில் நிழல் விழுந்து அபிநயமே போய்விடும். ஒருவரை நிற்கவைத்துச் சரிபார்த்தால் போதாது. முழங்காலை மடித்துப் பாதி உட்காரும் அரைமண்டியிலும் இருக்கச் சொல்லிப் பாருங்கள். முகம் எவ்வளவு இறங்குகிறது என்பது அப்போதுதான் புரியும்.

மேடையிலுள்ள நடராஜர் சிலைக்கு, ஓரம் கூர்மையாக விழும் புரொஃபைல் விளக்கு. அதன் நான்கு தகடுகளை உள்ளே தள்ளி, சிலை அளவுக்கு மட்டும் ஒளியை வெட்டிக்கொள்ளலாம்.

ஜதிக்கும் தில்லானாவுக்கும் பக்கவாட்டு ஒளிதான் உயிர். பக்கத்திரைகளுக்கு நடுவே இடுப்புயரத்தில் விளக்கை நிறுத்தினால் கை கால்களின் கோடு துல்லியமாகத் தெரியும். ஆடுபவர் உள்ளே போகும் வழியை மட்டும் மறித்துவிடாதீர்கள்.

வண்ணம் வேண்டுமென்றால் பின்னாலிருந்து, உள்ளேயே குழியாடி கொண்ட பார் (PAR) விளக்கில். பார் 64 என்பதில் உள்ள எண், அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கை அலகாகக் கொண்ட பல்பின் விட்டம். அதாவது 8 அங்குலம். இப்போது எங்கும் எல்.இ.டி. பார்தான். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் கலந்து அது தரும் வெள்ளையை முகத்தில் போடாதீர்கள், தோல் வெளிறிவிடும். ஆடுபவரை வட்ட ஒளியால் பின்தொடரும் ஃபாலோ ஸ்பாட் நடனத்துக்கு எனக்குப் பிடிக்காது. வட்டம் ஒரு கணம் பிந்தினாலும் பாதம் இருட்டில் போய்விடும்.

நட்டுவனாருக்கும் பாடகருக்கும் மங்கலாக ஒரு விளக்கு, கண்ணில் குத்தாமல்.

மேலே தொங்கும் ஒவ்வொரு விளக்குக்கும் தனியாகப் பாதுகாப்புச் சங்கிலி கட்டாயம். 1000 வாட் விளக்கு ஒன்று 230 வோல்ட்டில் 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நான்கை ஒரே 16 ஆம்பியர் பிளக்கில் சொருகச் சொன்னால், அரங்க நிர்வாகியே சொன்னாலும், மறுத்துவிடுங்கள்.