சமூகப் பணி ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பிப்பது எப்படி? முதல்முறை எழுதும் மாணவர்களுக்கு

ஃபெல்லோஷிப், அதாவது ஒரு பணியைச் செய்ய மாணவர்களுக்குத் தரப்படும் ஆதரவு. அதன் அறிவிப்பைப் பார்த்ததும் பெரும்பாலான மாணவர்கள் மடிக்கணினியைத் திறந்து ‘எனது திட்டம்’ என்று தலைப்பிட்டு எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். சில ஆண்டுகளாக இத்தகைய விண்ணப்பங்களுக்கு உதவி வருகிறேன். என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது, எழுதுவதை இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள் என்பதைத்தான். யாருக்காகச் செய்யப் போகிறீர்களோ அவர்களிடம் முதலில் பேசிவிட்டு வாருங்கள்.

படி 1: உங்களுக்குப் பொருந்துவது எது?

எல்லா ஃபெல்லோஷிப்பும் ஒரே வகை இல்லை. காத்ரின் வாசர்மன் டேவிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 2007இல் தமது நூறாவது பிறந்தநாளையொட்டி, மாணவர்களின் 100 அமைதித் திட்டங்களுக்குத் தலா 10,000 டாலர் வழங்கினார். ‘அமைதிக்கான திட்டங்கள்’ என்ற நிதியுதவி அப்படித்தான் பிறந்தது. இதற்கு இந்த நிதியுதவித் திட்டத்தோடு இணைந்த கல்லூரிகளின் வழியாகவே விண்ணப்பிக்க முடியும். ஆல்பர்ட் ஷ்வைட்சர் ஃபெல்லோஷிப் வேறு மாதிரி. அமெரிக்காவில் மருத்துவம் போன்ற துறைகளில் படிப்பவர்கள் ஓராண்டில் 200 மணி நேரமாவது சமூகப் பணி செய்ய வேண்டும். தலாய் லாமாவின் பெயரைத் தாங்கிய ஃபெல்லோஷிப்பில் சமூகத் திட்டத்தோடு தியானப் பயிற்சியும் சேர்ந்திருக்கிறது.

ஆகவே தகுதி, கால அளவு, பணம் எதற்குத் தரப்படுகிறது, கல்லூரியின் பரிந்துரை தேவையா என்ற நான்கையும் முதலில் பாருங்கள். கல்லூரிக்குள் நடக்கும் தேர்வுக்குத் தனிக் கடைசித் தேதி இருக்கும், அது பொதுத் தேதிக்கு முன்பே முடிந்துவிடும். இதைக் கவனிக்காமல் வாய்ப்பை இழந்தவர்கள் நிறைய.

படி 2: போய்க் கேளுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஒரு மாணவி, எளிய குடும்பங்கள் வாழும் ஒரு குடியிருப்பில் குழந்தைகளுக்கு மாலை நேர வாசிப்பு வட்டம் தொடங்க நினைத்தார். புத்தகப் பட்டியல்கூடத் தயாராக இருந்தது. “ஒரு நாள் மாலை அங்கே போய் வாருங்கள்” என்றேன். போனார். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி இடுப்பில் கைக்குழந்தையோடு வாசலில் நின்றிருந்தாள். வாசிக்க வருகிறாயா என்று கேட்டதற்கு, “நான் வந்துவிட்டால் தம்பியை யார் பார்த்துக்கொள்வார்கள், அக்கா?” என்றாள்.

அடுத்தடுத்த வீடுகளிலும் இதே நிலைதான். பெற்றோர் வேலை முடிந்து திரும்பும்வரை மூத்த குழந்தைகளே இளையவர்களைப் பார்த்துக்கொள்கிறார்கள். புத்தகங்களை மட்டும் கொண்டுபோயிருந்தால் வட்டம் ஒரு மாதத்தில் கலைந்திருக்கும். திட்டம் மாறியது. வாசிப்பு நடக்கும் இடத்திலேயே கைக்குழந்தைகளுக்கு ஒரு மூலை, அவர்களைக் கவனிக்க ஒரு தன்னார்வலர். விண்ணப்பத்தின் முதல் வரி அந்தச் சிறுமியின் கேள்வியாகவே அமைந்தது. வீட்டாரிடம் அனுமதி பெற்று, பெயரைத் தவிர்த்து எழுதினார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பிறருடைய துயரத்தைக் கேட்காமல் எடுத்து நம் விண்ணப்பத்துக்கு அலங்காரமாக்குவது பெரிய தவறு.

குறைந்தது பத்துப் பேரிடமாவது பேசுங்கள். “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும். “நேற்று மாலை என்ன செய்தீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள்.

படி 3: திட்டத்தைச் சுருக்குங்கள்

யாருக்கு, எங்கே, எத்தனை வாரம், முடிவில் என்ன மாறியிருக்கும்: இவை நான்கு வரிகளுக்குள் அடங்க வேண்டும். ‘கல்வி விழிப்புணர்வை ஏற்படுத்துதல்’ என்ற வரியைப் படிப்பவருக்கு எதுவும் கண்ணில் தெரியாது. ‘20 குழந்தைகள், வாரம் இரண்டு மாலை, 12 வாரம்’ என்றால் தெரியும்.

படி 4: பட்ஜெட்

ஒவ்வொரு செலவும் ஏதேனும் ஒரு வேலையைச் சுட்ட வேண்டும். மேலே சொன்ன திட்டத்தில் தரைவிரிப்பும் பொம்மைகளும் கைக்குழந்தைகளின் மூலைக்கானவை. உள்ளூர் உதவியாளருக்கான ஊதியத்தை மாணவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். அவருடைய உழைப்பும் உழைப்புதான், கட்டாயம் சேருங்கள்.

படி 5: உங்களைப் பற்றிய கட்டுரை

பரிவுள்ள தலைமை பற்றிக் கேள்வி வரும். ‘எனக்கு இளமையிலிருந்தே இரக்க குணம் உண்டு’ என்று எழுதாதீர்கள். யாரோ சொன்னதைக் கேட்டு நீங்கள் உங்கள் முடிவை மாற்றிக்கொண்ட ஒரு தருணத்தை எழுதுங்கள். மற்றவர் பேச்சுக்கு இடம் கொடுத்துத் தன் திட்டத்தைத் திருத்திக்கொள்ளும் மனம் இல்லாதவரிடம் ஒரு குடியிருப்பின் நம்பிக்கையை ஒப்படைக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

படி 6: பரிந்துரைக் கடிதம், நேர்காணல்

நீங்கள் வேலை செய்வதை நேரில் பார்த்தவரிடம் கடிதம் கேளுங்கள். பதவி பெரிதாக இருக்க வேண்டியதில்லை. மூன்று வார அவகாசம் கொடுங்கள். நேர்காணலில் ‘ஓராண்டுக்குப் பின் இதை யார் நடத்துவார்கள்?’ என்ற கேள்வியை எதிர்பாருங்கள்.

படி 7: அனுப்பிய பிறகு

முடிவு வரும் நாளை நீங்கள் பேசிய குடும்பங்களிடமும் சொல்லி வையுங்கள். தேர்வாகாவிட்டாலும் நேரில் போய்த் தெரிவியுங்கள். பணமின்றித் தொடங்கக்கூடிய பகுதி ஏதேனும் இருந்தால் தொடங்கிவிடுங்கள். அந்த மாணவி முதல்முறை தேர்வாகவில்லை. ஆனாலும் ஒரு பாயும் பத்துப் புத்தகங்களுமாகச் சனிக்கிழமைகளில் போய்க்கொண்டிருந்தார். மறு ஆண்டு விண்ணப்பத்தில் ‘இதுவரை செய்த பணி’ என்ற இடத்தை நிரப்ப அவருக்கு ஒரு பக்கம் போதவில்லை.