சர்ச் ஹாலில் பெரியவர்களுக்கு ஒரு பேச்சு நடத்துவது எப்படி

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெரியவர்களுக்குச் சமூக, சுற்றுச்சூழல் பேச்சு நடத்தப் போகிறீர்களா? உலக வெப்பமயமாதலில் ஆரம்பிக்காதீர்கள், குடிக்கிற தண்ணீரில் ஆரம்பியுங்கள். நம்ம பக்கத்து நிலத்தடி நீரில் பல ஊர்களில் ஃபுளோரைடு அதிகம், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரையே குடித்து வளரும் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை படியும், வருடக்கணக்கில் அளவு மிஞ்சினால் எலும்பும் மூட்டும் இறுகிவிடும், தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போகாது. இந்தக் கடைசி விஷயத்தை நிறைய பேர் நம்ப மாட்டார்கள், பொறுமையாக இன்னொரு தடவை சொல்லுங்கள்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வந்துவிட்டது, சரி, ஆனாலும் சமையலுக்கு போர் தண்ணீர் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவரவர் வீட்டுத் தண்ணீரை பாட்டிலில் கொண்டுவரச் சொல்லி, ஹாலிலேயே பரிசோதனை கிட்டில் சொட்டு விட்டு, நிறம் மாறுவதை அவர்களே பார்க்கட்டும்.

பேச்சு அரை மணி நேரம் போதும், மீதி நேரம் கேள்விக்கு. மைக்கை முதலில் பெண்களிடம் கொடுங்கள்.

அடுத்த மாதம் குழந்தைத் திருமணம் பற்றிப் பேசலாம்: 2006 சட்டப்படி பெண்ணுக்கு 18 வயது, ஆணுக்கு 21. புகார் சொல்ல 1098, இலவச எண். பலகையில் பெரிதாக எழுதி வையுங்கள்.