கோபே போர்ட் டவர்: முதல் முறை போகிறவர்களுக்கு

ஜப்பானில் ஒசாகா வரை போகிறவர்களில் பலர் பக்கத்திலேயே இருக்கும் கோபேயை விட்டுவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம். மதியத்துக்கு மேல் கிளம்பினாலே அந்தத் துறைமுகத்துச் சிவப்புக் கோபுரத்தை நன்றாகப் பார்த்துவிட்டு இரவு அறைக்குத் திரும்பிவிடலாம். எப்படி என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1. நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

கோபுரம் காலை 9 மணி முதல் இரவு 11 மணி வரை திறந்திருக்கும். ஆனால் சூரியன் மறைய இரண்டு மணி நேரம் இருக்கும்போதே அடிவாரத்துக்குப் போய்விடுவதுதான் நல்லது. ஜூன் மாதம் என்றால் இரவு ஏழே காலுக்குத்தான் சூரியன் மறையும். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். இதைப் பார்க்காமல் போனால் மலையும் கடலும் கண்ணுக்கே தெரியாது, வெறும் விளக்குகள்தான் மிஞ்சும்.

2. ஒசாகாவிலிருந்து ரயில்

ஒசாகா ஸ்டேஷனில் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) ரயில்களில் 'ஷின்கைசோக்கு' என்று ஒன்று உண்டு. வேகமான வண்டிதான், ஆனாலும் தனிக் கட்டணம் இல்லை. இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் சன்னோமியாவில் இறக்கிவிடும். அங்கே எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் வண்டிக்கு மாறி, அடுத்த ஸ்டேஷனான மோத்தோமாச்சியில் இறங்குங்கள். முன்கூட்டியே பணம் போட்டு வைத்துக்கொள்ளும் 'இக்கோக்கா' பயண அட்டை வைத்திருந்தால் டிக்கெட் எடுக்கும் வேலையே இல்லை.

ஸ்டேஷனுக்கு வெளியே வந்ததும் வழி குழம்பினால் மலையைத் தேடுங்கள். கோபேக்காரர்கள் திசை சொல்வதே 'யாமகவா', 'உமிகவா' என்றுதான். அதாவது மலைப் பக்கம், கடல் பக்கம். வடக்கே ரொக்கோ மலைத்தொடர், தெற்கே கடல், இடையில் ஒடுங்கிய பட்டையாக ஊர். மலைக்கு முதுகைக் காட்டிக் கால் மணி நேரம் நடந்தால் துறைமுகம் வந்துவிடும். நடக்க முடியாத பெரியவர்கள் கூட இருந்தால் சன்னோமியாவிலிருந்து கைகான் சுரங்க ரயிலில் மினாத்தோ மோத்தோமாச்சி வரை வரலாம். அங்கிருந்து ஐந்து நிமிட நடைதான்.

3. உடனே ஏறாதீர்கள், கீழே நில்லுங்கள்

பலரும் நேராக டிக்கெட் வரிசைக்கு ஓடுவார்கள். ஆனால் இந்தக் கோபுரத்தின் அழகில் பாதி வெளியேதான் இருக்கிறது. 108 மீட்டர் உயரம், 1963-இல் கட்டியது. இடுப்பு ஒடுங்கி மேலும் கீழும் விரிந்த வடிவம். ஜப்பானியர்கள் இதைத் தங்கள் 'சுசுமி' மேளத்தோடு ஒப்பிடுவார்கள். நமக்கோ பார்த்ததும் உடுக்கைதான் நினைவுக்கு வரும்.

கிட்டே போய் ஒரே ஒரு சிவப்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு கண்ணால் மேலே வரை தொடர்ந்து பாருங்கள். அது வளையவே வளையாது, நேராகச் சாய்ந்து போகும். இப்படி 32 குழாய்கள். நேரான குழாய்களைச் சாய்த்துக் குறுக்குமறுக்காக நிறுத்தியதால்தான் அந்த வளைவு பிறக்கிறது. வீட்டில் ஒரு கைப்பிடி ஈர்க்குச்சியை நடுவில் இறுக்கிப் பிடித்துக் கொஞ்சம் முறுக்கினால் இரண்டு முனையும் விரியும் அல்லவா, அதே சூட்சுமம். பிள்ளைகளை அழைத்துப் போனால் கிளம்புவதற்கு முன்பே இதைச் செய்து காட்டுங்கள். கோபுரத்தடியில் அவர்களே குழாய்களை எண்ண ஆரம்பிப்பார்கள்.

பக்கத்தில் மெரிக்கென் பூங்காவின் ஓரத்தில் இன்னொன்றும் இருக்கிறது. 1995 ஜனவரி 17 அதிகாலை 5.46-க்கு வந்த நிலநடுக்கத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அன்று உடைந்த படகுத்துறையில் சுமார் 60 மீட்டரைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். விளக்குக் கம்பங்கள் சாய்ந்தபடி, கரை தண்ணீருக்குள் சரிந்தபடி. அங்கிருந்து தலையைத் திருப்பினால், அன்று விழாமல் நின்ற கோபுரம். இந்த இடத்துக்குப் பத்து நிமிடமாவது கொடுங்கள்.

4. டிக்கெட்

இரண்டு வகை உண்டு. கோபுரம் சில ஆண்டுகள் பழுதுபார்ப்புக்காக மூடிக்கிடந்து, 2024 ஏப்ரல் 26-ஆம் தேதி மறுபடி திறந்தபோது, பெரியவர்களுக்குப் பார்வைத் தளங்களுக்கு மட்டும் 1,000 யென், மொட்டைமாடியும் சேர்த்து 1,200 யென் வைத்தார்கள். அந்த 200 யென்னில் கஞ்சம் பிடிக்க வேண்டாம். மொட்டைமாடி அப்போது புதிதாகச் சேர்த்ததுதான். சுற்றிலும் கண்ணாடித் தடுப்பு, தலைக்கு மேல் வானம். மழையோ பலத்த காற்றோ இருந்தால் மூடிவிடுவார்கள் என்பதால் அன்றைய நிலவரத்தைக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

5. மேலே

வெளிச்சம் இருக்கும்போதே முதலில் மொட்டைமாடி. வடக்கே பச்சை மலை, அதன் காலடி வரை வீடுகள். தெற்கே திரும்பினால் கடலைத் தூர்த்து உண்டாக்கிய போர்ட் ஐலண்ட் தீவு, அதற்கும் அப்பால் கடல் நடுவே விமான நிலையம். கீழே வெள்ளைச் சட்டங்களால் அலை போல நிற்பது கடல்சார் அருங்காட்சியகம். மேற்கே கவாசாக்கி கப்பல்கட்டும் தளம். அங்கே நீர்மூழ்கிக் கப்பல்களும் கட்டுகிறார்கள், அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்றின் கறுத்த முதுகு தெரியும்.

அப்புறம் மெதுவாக ஒவ்வொரு தளமாக இறங்குங்கள். ஒரு தளத்தில் தரையே மெல்லச் சுழலும் கஃபே இருக்கிறது. ஒரு காபி வாங்கி உட்கார்ந்தால் மலையும் கடலும் தானாக முன்னால் வரும். இருட்டியதும் மலைப் பக்கம் பாருங்கள், சரிவில் நங்கூர வடிவில் விளக்கு எரியும்.

6. இறங்கிய பிறகு

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மோத்தோமாச்சி அருகே நான்கின்மாச்சி சீனக் கடைத்தெரு இருக்கிறது. சைவம் என்றால் மலைப் பக்கம் கித்தானோ பகுதிக்குப் போங்கள். இந்திய வணிகர்கள் பல தலைமுறைகளாக வாழும் ஊர் இது. கித்தானோவில் ஒரு சமணக் கோயிலே இருக்கிறது, இந்திய உணவகங்களும் உண்டு.

சாப்பாட்டுக்கு முன் ஒரு வேலை பாக்கி. கரையோரமாக மேற்கே நடந்து எதிர்ப்பக்கம் இருக்கும் மொசைக் கடைவளாகத்தின் மரத்தள மாடத்துக்குப் போங்கள். சிவப்புக் கோபுரம், வெள்ளை அருங்காட்சியகம், இரண்டும் தண்ணீரில் நடுங்கும் நிழல். உங்கள் படத்தை அங்கே நின்று எடுங்கள்.