பாண்டி வீட்ல இருந்து பொட்டி: போஸ்ட்டா கூரியரா? பிரான்ஸுக்கு புதுசா வந்தவங்களுக்கு

லீவுக்கு பாண்டி வந்து முதலியார்பேட்டை வீட்ல உக்காந்திருக்கேன், வந்த மறுநாளே எதிர்வீட்டு அக்கா வந்துட்டாங்க. "தம்பி, பையன் பாரிஸ் போய் ரெண்டு மாசம் ஆவுது, ஒரு பொட்டி அனுப்பணும், போஸ்ட்ல போடவா கூரியர்ல போடவா"ன்னு. நானும் ஒரு காலத்துல இதையே பாக்குறவங்க எல்லார்கிட்டயும் கேட்டுட்டு திரிஞ்சவன்தான். அதனால அங்க புதுசா வந்து எறங்கியிருக்கிற தம்பி தங்கச்சிங்களுக்கும், இங்க பாண்டி கடலூர்ல உக்காந்து பொட்டி கட்டுற அம்மா அப்பாவுக்கும் சேர்த்தே எழுதிடறேன்.

மொதல்ல தபால்பெட்டி. எதுல அனுப்பினாலும் சரி, பிரான்ஸ்ல உங்க பில்டிங் கீழ இருக்கிற தபால்பெட்டி மேல உங்க பேர் இல்லன்னா பொட்டி உங்களுக்கு வராது. நம்ம ஊர்ல தெருப் பேர் போட்டு "வாட்டர் டேங்க் பக்கத்துல"ன்னு எழுதினா போஸ்ட்மேன் அண்ணன் கொண்டாந்து குடுத்துடுவாரு, அங்க அந்த கதையே கெடையாது. நான் போன புதுசுல பாரிஸ் பக்கத்துல இருக்கிற சார்செல்ல சித்தப்பா வீட்ல தங்கியிருந்தேன், அம்மா என் பேர் மட்டும் போட்டு அதிரசமும் முறுக்கும் அனுப்புனாங்க, தபால்பெட்டி மேல இருந்ததோ சித்தப்பா பேரு. இந்த பேர்ல இங்க ஆள் இல்லன்னு குறிச்சி திருப்பிட்டாங்க, ஒன்றரை மாசம் கழிச்சி அது பாண்டிக்கே வந்து சேர்ந்துச்சு, அதிரசத்துல பூசணம். யாரையும் குத்தம் சொல்ல முடியாது, தப்பு என்னுது. யார் வீட்லயாவது தங்கியிருந்தீங்கன்னா உங்க பேருக்கு கீழ "ஷே" (chez) போட்டு அவங்க பேரை எழுதச் சொல்லுங்க, அதாவது இன்னார் வீட்ல இருக்கேன்னு அர்த்தம். இல்ல ஒரு சின்ன பேப்பர்ல உங்க பேரை எழுதி தபால்பெட்டி மேல ஒட்டிடுங்க.

பேர்னா பாஸ்போர்ட்ல இருக்கிற பேரு. வீட்ல பாபுன்னு கூப்புடுவாங்கன்னு பொட்டி மேல பாபுன்னு எழுதிட்டா, நீங்க வீட்ல இல்லாத நேரம் போஸ்ட்மேன் வந்து சீட்டு வச்சிட்டு போயிருப்பான், போஸ்ட் ஆபீஸ் போய் பாஸ்போர்ட்டை நீட்டுனா அது பாபு கெடையாது. அப்புறம் கதவு கோடு (பில்டிங் கதவைத் தொறக்க அமுக்கற நம்பர்), எத்தனாவது மாடி, போன் நம்பர் மூணும் வேணும். போன் நம்பர்ல பிரான்ஸ் கோடு 33 போட்டுட்டு முன்னாடி இருக்கிற சைபரை எடுத்துடணும், 06ன்னு ஆரம்பிச்சா 33 6ன்னு வரும்.

சரி, இப்ப போஸ்ட்டா கூரியரா.

பேப்பர்னா யோசிக்காதீங்க. பிறப்பு சர்டிபிகேட், அப்போஸ்தில் (வெளிநாட்டுல செல்லும்னு அரசாங்கம் போடற முத்திரை) போட்ட ஒரிஜினல், டிகிரி, இதெல்லாம் கார்த் வித்தால்ங்கிற மருத்துவ காப்பீட்டு கார்டுக்கும் மத்த ஆபீஸ் வேலைக்கும் கேப்பாங்க, தேதி குடுத்துட்டாங்கன்னா கூரியர்ல போடுங்க, எனக்கு வந்த வரைக்கும் நாலு அஞ்சு நாள்ல கைக்கு வந்துடும். தேதி நெருக்கடி இல்லன்னா இன்டர்நேஷனல் ஸ்பீட் போஸ்ட் போதும், வாரம் பத்து நாள் ஆவும், காசு பாதியில முடியும். வெறும் பேப்பருக்கு கஸ்டம்ஸ் வரியும் கெடையாது.

பொருள்னா கதை வேற. கூரியர்காரங்க எடையையும் பாப்பாங்க, பொட்டியோட அளவையும் பாப்பாங்க, ரெண்டுல எது ஜாஸ்தியோ அதுக்கு பில் போடுவாங்க. நீளம் அகலம் உயரம் சென்டிமீட்டர்ல பெருக்கி 5000 ஆல வகுக்கணும். 40க்கு 30க்கு 30 பொட்டின்னா 36,000, வகுத்தா 7.2 கிலோ. உள்ள முறுக்கும் தட்டையும் வெறும் மூணு கிலோ இருந்தாலும் 7.2க்கு காசு. முறுக்கு ஒடையக் கூடாதுன்னு அம்மா சுத்தி தலையணை உறை, நியூஸ்பேப்பர்னு அடைக்கிறதுக்கு கூரியர்ல ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் காசு. அதனால எடை கம்மி எடம் ஜாஸ்தின்னா கூரியர் நமக்கு ஒத்து வராது. கூரியர்ல ரேட் கேக்கும்போது பெட்ரோல் சார்ஜ், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து எவ்ளோன்னு கேளுங்க, கிலோ ரேட்டை மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க.

அடுத்தது ஏஜென்ட் கடைங்க. வெளிநாட்டு கூரியர் கம்பெனி பேரெல்லாம் போர்டுல பெருசா எழுதியிருக்கும், உள்ள போனா ஒரு டேபிள், ஒரு தராசு. எல்லாரும் ஏமாத்துறவங்கன்னு சொல்லல, நல்லா செய்யறவங்களும் இருக்காங்க, பத்து கிலோ மேல போனா அவங்க ரேட் நல்லாவே கொறையும். ஆனா ஒருத்தர்கிட்ட நான் மாட்டிக்கிட்டேன். டிஹெச்எல்லுன்னு சொல்லி காசு வாங்கினாரு, பொட்டி லண்டன் போய் அங்க வேற லேபிள் ஒட்டி பிரான்ஸ் வந்துச்சு, பிரிட்டன் ஐரோப்பிய யூனியன்ல இல்லாததால மறுபடி ஒரு கஸ்டம்ஸ், மூணு வாரம். அதனால காசு குடுக்கும்போதே டிராக்கிங் நம்பரை வாங்கி எண்ணிப் பாருங்க: டிஹெச்எல்னா 10 நம்பர், ஃபெடெக்ஸ்னா 12, யுபிஎஸ்னா 1இசட்டுல ஆரம்பிக்கும். "நம்பர் நாளைக்கு வாட்ஸ்அப்ல வரும்"னு சொன்னா அந்த பொட்டி வேற ஏதோ வழியா போவுதுன்னு புரிஞ்சிக்கலாம்.

போஸ்ட்ல நம்பர் ரெண்டு எழுத்துல ஆரம்பிச்சி நடுவுல ஒன்பது நம்பர் வந்து ஐஎன்னுல முடியும். முதல் எழுத்து ஈ-ன்னா ஸ்பீட் போஸ்ட், சி-ன்னா பார்சல், ஆர்-னா ரெஜிஸ்டர். பிரான்ஸ் வந்ததும் ஸ்பீட் போஸ்ட்டை க்ரோனோபோஸ்ட்னு ஒரு கம்பெனி கொண்டாறான், பார்சலை கொலிஸிமோங்கிற சர்வீஸ். அதே நம்பரை அங்கத்து தபால் கம்பெனி லா போஸ்ட்டோட சைட்லயும் போட்டுப் பாக்கலாம், சென்னைல கஸ்டம்ஸ் தாண்டற வரைக்கும் நாலஞ்சு நாள் எதுவுமே அசையாத மாதிரி காட்டும், பயந்து போய் அம்மாவை தெனமும் போஸ்ட் ஆபீசுக்கு அனுப்பாதீங்க.

கஸ்டம்ஸ்ல ஞாபகம் வச்சிக்க வேண்டியது 45 யூரோ. ஒரு ஆள் இன்னொரு ஆளுக்கு அனுப்புற கிஃப்ட், மதிப்பு 45 யூரோக்குள்ள இருந்தா டூட்டியும் கெடையாது டிவிஏவும் (நம்ம ஜிஎஸ்டி மாதிரி அங்கத்து வரி) கெடையாது. மேல போச்சுன்னா 20 சதவீதம் டிவிஏ, புத்தகத்துக்கும் சாப்பாட்டு சாமானுக்கும் 5.5. அதோட கொண்டு வந்தவன் தன் கூலின்னு ஒன்னு போடுவான், கூரியர்ல அது வரியை விட ஜாஸ்தியாவும் இருக்கும், இத யாரும் முன்னாடி சொல்ல மாட்டாங்க. ஃபார்ம்ல "துணி"ன்னு ஒரே வார்த்தைல முடிக்காம காட்டன் பொடவை 2, பையன் சட்டை 3ன்னு வெலையோட எழுதினா தேவையில்லாம பிரிக்க மாட்டாங்க. பொய் வெலை போடாதீங்க, தொலைஞ்சா அந்த பொய் வெலைக்குத்தான் பேசவே முடியும்.

சரி, அக்கா பொட்டிக்கு வரேன். ரங்கபிள்ளை வீதி தலைமை தபால் ஆபீசுக்கு ஆட்டோல போனோம், டேப் அடிக்காம தொறந்தபடியே எடுத்துட்டு வாங்கன்னு முன்னாடியே சொல்லியிருந்தேன், கவுன்ட்டர்ல பாத்துட்டுத்தான் மூடுவாங்க. மொளகாப்பொடி, பண்ருட்டி முந்திரி ஒரு கிலோ, வத்தல், ரெண்டு லுங்கி, எல்லாம் சரி. அடுத்து ஒரு பாக்கெட் கற்பூரம். "அம்மா, இது எரியுற பொருள், ஃப்ளைட்ல ஏத்த முடியாது"ன்னு கவுன்ட்டர்காரர் எடுத்து வச்சிட்டாரு. பவர் பேங்க், சென்ட் பாட்டிலும் அதே கதிதான். அடியில ஒரு டப்பால நெய், இத நானே எடுத்தேன், பால்ல செஞ்சது, கறி இதெல்லாம் ஐரோப்பாவுக்கு பொட்டில போவக் கூடாது, புடிச்சா அப்படியே அழிச்சிடுவாங்க. அக்கா நெய் டப்பாவை பைக்குள்ள வச்சிக்கிட்டு, "இத எடுத்துட்டா அவனுக்குப் புடிச்சது இதுல என்னதான் இருக்கு"ன்னாங்க. எனக்கு பதில் தெரியல.

கருவேப்பிலையும் மாங்காவும் அதே மாதிரிதான், செடி கொடி காய்கறிக்கு சர்டிபிகேட் கேப்பாங்க. மாத்திரையும் பார்சல்ல வேணாம், வரவங்க கையில டாக்டர் சீட்டோட குடுத்தனுப்புங்க. நகையும் காசும் எதுலயும் வேணாம். அப்புறம் தம்பிங்களா, பாரிஸ்ல கார் து நோர் ரயில் ஸ்டேஷன் பக்கத்துல, நம்ம தமிழ்க் கடைங்க இருக்கிற லா ஷப்பேல் போங்க, புளி, இட்லி அரிசி, கருவாடு, கருவேப்பிலை எல்லாமே இருக்கு, அதுங்களை பாண்டில இருந்து கிலோவுக்கு இவ்ளோன்னு குடுத்து வரவழைக்கிறது வீண். அங்க கெடைக்காதது வீட்ல அரைச்ச பொடியும் வத்தலும் உங்க அளவு தெரிஞ்ச தையல்காரர் தைச்ச சட்டையும்தான், அதுங்களுக்கு எடம் வுடுங்க.

எடை போட்டா 6.8 கிலோ. அவசரமில்ல, பார்சல்லயே போட்டோம். ரசீதை போட்டோ எடுத்து பையனுக்கு அனுப்பிட்டு, "தபால்பெட்டி மேல உன் பேர் இருக்கா"ன்னு கேட்டேன். சாயந்தரமா ஒரு போட்டோ வந்துச்சு, நோட்டு பேப்பர்ல பால்பாயின்ட் பேனாவால பேர் எழுதி செலோடேப் போட்டு ஒட்டியிருக்கான். அக்கா போனை வாங்கி பெருசு பண்ணிப் பாத்துட்டு, "இனிஷியலை வுட்டுட்டான் பாரு"ன்னாங்க. மறுபடி ஒட்டச் சொல்லியிருக்கோம்.