சொந்தப் பாட்டை வீட்டிலேயே பதிவு செய்து வெளியிடுதல்

சொந்தமாக மெட்டமைத்துப் பாடுகிறவர்கள் பதிவு செய்வதென்று முடிவெடுத்ததும் முதலில் விசாரிப்பது எந்த மைக் வாங்கலாம் என்பதைத்தான். ஆனால் பதிவின் தரத்தை மைக்கைவிட அதிகமாகத் தீர்மானிப்பது அறை. ஆகவே பணத்தைச் செலவழிக்கும் முன் வீட்டின் ஒவ்வோர் அறையிலும் நின்று ஒருமுறை கையைத் தட்டிக் கேளுங்கள். தட்டிய ஒலிக்குப் பின்னால் 'ணங்' என்று ஓர் அதிர்வு நீண்டால், அங்கே எவ்வளவு விலையுயர்ந்த மைக்கை வைத்தாலும் கிணற்றுக்குள்ளிருந்து பாடியது போலத்தான் பதிவாகும். டைல்ஸ் தரையும் வெறும் சுவருமாக இருக்கும் கூடத்தைவிட, பஞ்சு மெத்தையும் துணி நிறைந்த பீரோவும் உள்ள படுக்கையறையே பெரும்பாலும் பொருத்தமானது.

எதிரொலியைக் குறைக்கப் போர்வையை எங்கே தொங்கவிடுவது என்பதில் பலர் தவறு செய்கிறார்கள். பாடுவதற்குப் பயன்படும் கார்டியாய்டு வகை மைக் தனக்கு முன்னால் இருப்பதையே அதிகமாகக் கேட்கிறது. எனவே கனமான ஜமுக்காளத்தை மைக்கின் பின்புறம் அல்ல, பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் கொடி கட்டித் தொங்கவிட வேண்டும். மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்திவிடுங்கள். வியர்வையைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். குக்கர் விசிலும் வண்டிச் சத்தமும் அடங்கிய இரவு பத்து மணிக்கு மேல் பதிவு செய்வதே நல்லது.

கண்டென்சர் மைக் நுணுக்கமாகக் கேட்கும், ஆனால் தெருவில் குரைக்கும் நாயையும் சேர்த்துக் கேட்கும். அதற்கு 48 வோல்ட் மின்சாரம் தரும் ஆடியோ இன்டர்ஃபேஸும் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவி) தேவை. அறை அமைதியாக இல்லையென்றால், அவ்வளவு நுணுக்கமாகக் கேட்காத டைனமிக் மைக்கே உங்களுக்கு உகந்தது என்பது என் கருத்து. வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் மைக்கை வையுங்கள். 'ப' என்று தொடங்கும் சொற்களில் மூச்சு நேராக மோதி 'புஸ்' என்று வெடிக்காது. ஒலி அளவைப் பல்லவியை வைத்து அமைக்காதீர்கள். பாட்டிலேயே உச்சமான சங்கதியை முழுக் குரலில் பாடி, அது பதிவு மென்பொருளின் ஒலி அளவுகோலில் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாதபடி அமையுங்கள். அந்த அளவுகோலின் உச்சமான பூஜ்யத்தைத் தொட்டு நறுக்கப்பட்ட ஒலியை எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க முடியாது. மென்பொருளில் பதிவுத் தரத்துக்கு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்ற அமைப்பு போதுமானது. தொடங்குபவர்களுக்கு ஆடாசிட்டி, பேண்ட்லேப் ஆகிய இரண்டு பதிவு மென்பொருள்களும் இலவசமாகவே கிடைக்கின்றன.

என் முதல் பதிவில் சுருதிப் பெட்டியின் ஒலியை ஹெட்ஃபோனில் மிகுந்த சத்தமாக வைத்துப் பாடினேன். அது காதோரம் கசிந்து மைக்கில் ஏறியிருந்தது. சுருதியை மாற்ற நினைத்தபோது, பாட்டின் இடைவெளிகளிலெல்லாம் பழைய சுருதி மெல்லிதாக ஒலித்ததால் நான்கு நாள் உழைப்பை அழித்துவிட்டு மறுபடி பாட நேர்ந்தது. காதை முழுவதும் மூடும் ஹெட்ஃபோனை வாங்குங்கள். அதிலும் சத்தத்தைக் குறைத்தே வையுங்கள்.

பாட்டு வெளிவரும் முன் உரிமையைச் சரிபார்க்க வேண்டும். இந்தியாவில் ஒரு கவிஞரின் பதிப்புரிமை அவர் மறைந்த பின் 60 ஆண்டுகள் வரை நீடிக்கிறது. 1921இல் மறைந்த பாரதியாரின் கவிதைகளுக்கு எவரும் புதிதாக மெட்டமைக்கலாம். ஆனால் அதே கவிதைக்குத் திரைப்படத்திலோ இசைத்தட்டிலோ பிறர் அமைத்த மெட்டு அவர்களுடையது. இணையத்தில் கிடைத்த கரோக்கி இசைக்கும் உரிமையாளர் ஒருவர் உண்டு.

ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் பாட்டை நேரடியாக ஏற்ற முடியாது. டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்ற விநியோக நிறுவனங்கள் வழியாகத்தான் ஏற்ற வேண்டும். உங்கள் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதை முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு பாட்டில் ஓர் எழுத்து கூடி, அடுத்ததில் குறைந்தால் தளம் உங்களை இரு கலைஞர்களாகப் பிரித்துவிடக்கூடும். வெளியீட்டுக்கு மூன்று, நான்கு வாரங்கள் முன்பே ஏற்றினால், ஸ்பாட்டிஃபையில் பாட்டுப் பட்டியல்களை (பிளேலிஸ்ட்) தொகுக்கும் ஆசிரியர்களுக்குப் பாட்டைப் பரிந்துரைக்க நேரம் கிடைக்கும். குறைந்தது ஏழு நாட்களாவது முன்னதாக அனுப்ப வேண்டும் என்பது அவர்கள் சொல்லும் கெடு. அங்கே ஒரு பாட்டு 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்பட்டால்தான் வருமானக் கணக்கில் சேரும். அந்த எண்ணிக்கையைக் காசு கொடுத்து வாங்கித் தருவதாகச் சொல்பவர்களிடம் ஏமாறாதீர்கள். போலிக் கேட்புகள் கண்டுபிடிக்கப்பட்டால் பாட்டே நீக்கப்படலாம்.

விளம்பரத்துக்கு நான் நம்புவது நேர்ப்பேச்சைத்தான். பாட்டின் மிக நல்ல 30 வினாடியை வெட்டியெடுத்து, குழுக்களில் பொதுவாகப் போடாமல், இருபது பேருக்குப் பெயர் சொல்லித் தனித்தனியே அனுப்புங்கள். வரிகளைத் தமிழிலேயே முழுமையாக எழுதிச் சேர்த்துவிடுங்கள். பாட்டின் பெயர் தெரியாதவர்கள் காதில் விழுந்த ஒரு வரியைத்தான் தேடுவார்கள். மிருதங்கம் வாசித்தவர், புல்லாங்குழல் வாசித்தவர் பெயர்களையும் விடாமல் குறிப்பிடுங்கள். அவர்கள் தங்கள் வட்டத்தில் பாட்டைத் தங்களுடையதாகவே எடுத்துச் செல்வார்கள். குரல் தனியாகவும் வாத்தியங்கள் தனியாகவும் உள்ள வேவ் கோப்புகளை இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள்; பள்ளி விழாவில் பாட விரும்பும் ஒருவர் குரல் இல்லாத இசையைக் கேட்டு வரும்போது அன்றைக்கே கொடுத்துவிடலாம்.